இடம் மாறியதால் பிழைத்த அரண்மனை

பர்மா மன்னர்களின் பழைய தலைநகரான மாண்டலேக்குப் போய்வந்தேன் என்றால் ரங்கூனில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அரண்மனையைப் படம் எடுத்தியா?" என்பதுதான். எடுத்தேன் என்று காட்டினால் முகம் சுருங்கும். "இது என்ன, கறுப்பாப் பழைய மரக்கட்டடம்? அகழி எங்கே? சிவப்பும் தங்கமுமா ஒண்ணு இருக்குமே, அது எங்கே?" அவர்கள் மனதில் இருப்பது காலண்டர் அரண்மனை. அதையும் எடுத்திருக்கிறேன், வேறு கோப்புறையில் இருக்கிறது. காட்டுவதற்கு ஆசைதான் வருவதில்லை.

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். அழகாகத் தெரியாததை அழகாகத் தெரியவைப்பதுதான் அதில் பாதி வேலை. அதனால்தானோ என்னவோ, தொழிலுக்கு வெளியே படம் எடுக்கும்போது அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்கத் தோன்றும். மாண்டலே அதற்குச் சரியான இடம். கேமராவை ஏமாற்றுவதற்கென்றே ஓர் அரண்மனையும், கேமராவுக்குப் பிடிகொடுக்காத ஓர் அரண்மனையும் அங்கே ஒரே குன்றின் அடிவாரத்தில் இருக்கின்றன.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு நடுவே சதுரமான மதில், பக்கத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர், 12 வாசல், சுற்றிலும் அகலமான அகழி. மிண்டோன் மன்னர் 1857இல் அமரபுராவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றியபோது கட்டத் தொடங்கியது. உள்ளே இருந்ததெல்லாம் தேக்கு. 1885 நவம்பரில் வெள்ளைக்காரன் வந்து தீபோ மன்னரையும் அரசியையும் கப்பலேற்றினான். அவர்களை முதலில் கொண்டுபோய் வைத்தது நம் சென்னையில்தான். அடுத்த ஆண்டுதான் ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். அரண்மனை கோட்டையாயிற்று, பெயரும் டஃபரின் கோட்டை என்று மாறிற்று. சிம்மாசனக் கூடங்களில் ஒன்று பட்டாளத்துக்குத் தேவாலயம், அரசிகள் இருந்த பகுதி துரைமார்களின் கிளப். 1901இல் வைஸ்ராய் கர்சன் பிரபு வந்து பார்த்து, இதென்ன கூத்து என்று கிளப்பைக் காலிசெய்யச் சொன்னார். கர்சனைப் பற்றி நல்லதாகச் சொல்ல நமக்கு அதிகம் இல்லை, இதைச் சொல்லிவிடலாம்.

1945 மார்ச்சில் ஜப்பானியர் உள்ளே, ஆங்கிலேயப் படை வெளியே. குண்டு விழுந்து தேக்கு முழுவதும் எரிந்துபோனது. இப்போது மதிலுக்குள் நாம் பார்ப்பது 1990களில் எழுப்பிய நகல். 80க்கும் மேற்பட்ட கட்டடங்கள், சிமெண்டும் தகரக் கூரையும், மேலே சிவப்புச் சாயமும் தங்கச் சாயமும். மதிலுக்குள் பெரும்பகுதி இன்றும் ராணுவத்திடம் இருக்கிறது. பார்வையாளருக்கு நடுப்பகுதி மட்டும்தான்.

அந்த நகல் படத்தில் மிக நன்றாக விழும். சாயங்கால வெயிலில் அடுக்குக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டும், காவல் கோபுரத்தின் மேலிருந்து எடுத்தால் கண்ணைப் பறிக்கும். கிட்டே போய் டெலி லென்ஸில் ஒரு கூரை விளிம்பைப் பிடித்துப் பாருங்கள். ஒரே பூ, ஒரே இலை, ஒரே வளைவு, அச்சில் வார்த்ததுபோலத் திரும்பத் திரும்ப வரும். பெரிதாக்கிப் பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை. எனக்கு அதன்மேல் கோபம் கிடையாது. எரிந்த இடத்தை வெறும் புல்தரையாக விட்டிருந்தால் அங்கே ஒரு நகரம் இருந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆனால் செதுக்குவேலையைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

வேலை இருப்பது மதிலுக்கு வெளியே, வடகிழக்கு மூலைப் பக்கம், ஷ்வேநன்டோ மடத்தில்.

இந்தக் கட்டடத்தின் கதை கொஞ்சம் விநோதமானது. இது அமரபுரா அரண்மனையின் ஒரு பகுதியாக இருந்தது. தலைநகர் மாறியபோது கழற்றி மாண்டலேக்குக் கொண்டுவந்து புதிய அரண்மனையில் மன்னரின் தனி அறைகளாகப் பூட்டினார்கள். மரக்கட்டடத்தில் இது ஒரு வசதி: கழற்றலாம், எண்போட்டு அடுக்கலாம், திரும்பப் பூட்டலாம். மிண்டோன் 1878 அக்டோபரில் இந்த வீட்டுக்குள்தான் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் தீபோவுக்கு, அப்பாவின் ஆவி அங்கேயே உலாவுகிறது என்ற பயம். அந்த மாதமே கட்டடத்தைப் பிரித்து மதிலுக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார். தந்தையின் நினைவாகப் புண்ணியத்துக்கு மடமாக எழுப்பி பிக்குகளுக்குக் கொடுத்தாயிற்று. அரண்மனைக்குள் பேயும் இல்லை, கணக்கில் புண்ணியமும் சேர்ந்தது.

67 ஆண்டுகள் கழித்து அரண்மனை எரிந்தபோது இது வெளியே நின்றது. மிண்டோனின் தேக்கு அரண்மனையில் இன்று பார்க்கக் கிடைக்கும் பெரிய கட்டடம் இது ஒன்றுதான். ஒரு பையனின் பயம் காப்பாற்றிக் கொடுத்தது.

மதுரைக்காரர்கள் இதைப் படித்தால் உடனே ஒன்று நினைவுக்கு வரும். திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலில் இன்று மிஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். மீதியைப் பேரன் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனது என்ன ஆயிற்று என்று கேட்டால் கைகாட்ட இடமில்லை. பெயர்க்காமல் விட்டது பிழைத்தது. மாண்டலேயில் நேர்மாறு: பெயர்த்தது பிழைத்தது, விட்டது போயிற்று. அரண்மனையின் சிம்மாசனங்களுக்கும் இதே கதைதான். மந்திரி சபை மண்டபத்தில் இருந்த சிம்மாசனத்தைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனார்கள். அது 1948இல் திரும்பி வந்து இன்று ரங்கூன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்துப்போகாதவை அரண்மனையோடு எரிந்தன. பறித்துக்கொண்டு போனது நல்லதாயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்தது மட்டும் அதுதான்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் செய்வது, வாசலுக்கு நேரே நின்று முழுக் கட்டடத்தையும் ஒரே படத்தில் அடக்குவது. அடங்கும். மேலே வெளுத்த வானம், கீழே கறுத்த மரக்குவியல். செதுக்குவேலை எங்கே என்று தேட வேண்டும். ஒரு காலத்தில் இதன் வெளிப்புறம் முழுக்கத் தங்கமுலாமும் கண்ணாடிப் பதிப்பும் மின்னிக்கொண்டிருந்தது. மழையும் வெயிலும் அதை உரித்துவிட்டன. பழைய மரக்கட்டடங்களுக்குப் பூச்சி வராமலிருக்கக் கச்சா எண்ணெய் பூசுவதும் பர்மாவில் வழக்கம். அதனால் இப்போது தேக்கு சாம்பலும் கருங்காப்பிக் கறுப்புமாக நிற்கிறது. உச்சிவெயிலில் அந்தக் கறுப்பு ஒளியை அப்படியே விழுங்கிவிடும்.

செதுக்குவேலைக்கு ஒரே மருந்து பக்க ஒளி. வெயில் சுவரை உரசிக்கொண்டு போக வேண்டும். காலையில் ஒரு சுவருக்கு அந்த நேரம் வாய்க்கும், அரைமணி தாண்டினால் போய்விடும். அடுத்த சுவருக்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். நாலு பக்கத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் பாகன் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உரசும் ஒளி விழுந்ததும் அதுவரை கரிக்கட்டையாக இருந்த பலகையில் ஒரு பூதம் கண்ணைத் திறக்கும். அதன் தோளுக்குப் பின்னால் கொடிக்கருக்கு, அதற்கும் பின்னால் இன்னொரு கொடி. இரண்டு மூன்று தளமாகக் குடைந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை இங்கே நம்பக்கூடாது. கறுத்த மரம் சட்டம் முழுக்க நிறைந்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அது அதிகமாக வாங்கும். மரம் பால்விட்டுக் கலந்ததுபோல வெளிறிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்து வைத்தால்தான் தேக்கு தேக்காக இருக்கும். உள்ளே போனால் எல்லாம் தலைகீழ். உள்ளே தூண்களிலும் கூரையிலும் தங்கம் இன்னும் இருக்கிறது. வாசல்வழி வரும் வெளிச்சம் பட்ட இடம் தீயாக எரியும், படாத இடம் இருட்டு. அங்கே மீட்டர் தங்கத்தைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும்.

போலரைசர் பற்றி, அதாவது லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பலர் கேட்கிறார்கள். எண்ணெய்ப் பளபளப்புள்ள மரத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். திருப்பத் திருப்ப வெள்ளைப் படலம் விலகி மரத்தின் ரேகை தெரியும். தங்க இலையில் அதைத் திருப்பிக்கொண்டே நிற்பது வீண். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தக் கண்ணாடியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தங்கம் உதிர்ந்து அடியில் இருக்கும் கறுப்பு அரக்கு தெரிகிற இடங்களில் அது மறுபடி வேலை செய்யும். இந்த வித்தியாசத்தை வைத்தே, இருட்டில் எங்கே தங்கம் மிச்சம், எங்கே வெறும் அரக்கு என்று கண்டுபிடிக்கலாம். ஃபில்டரைத் திருப்பும்போது எது அணைகிறதோ அது அரக்கு, எது அணைய மறுக்கிறதோ அது தங்கம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உள்ளே சும்மா நின்று திருப்பிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. அன்று முழுக்க அந்தப் பெருமையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் கூடுதலாக ஒரு கிண்ணம் இறங்கியது.

ஃபிளாஷ் வேண்டாம். அனுமதி இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். முன்னாலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் நிழலைக் கொன்றுவிடும். நிழல் செத்தால் செதுக்கலும் செத்தது. தவிர அங்கே புத்தர் முன்னால் யாராவது கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் வழிகாட்டிப் புத்தகமாகிவிடும். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் பெரிய பத்து, பலகைகளில் இருக்கின்றன. அதில் சாமன் கதை நம் வீடுகளிலும் தெரிந்ததுதான்: கண்ணில்லாத தாய் தந்தைக்குத் தண்ணீர் எடுக்கப்போன பிள்ளை ராஜாவின் அம்பில் விழுவது. ராமாயணத்தில் தசரதன் கையால் நடப்பது. கதை தெரிந்தவர்களுக்குப் பலகை சீக்கிரம் பேசும்.

மரவேலையை எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் மாண்டலேயில் இருக்கும் ஒரு பெரியவர். எங்கள் சொந்தக்காரர்களுக்குச் சொந்தம். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு இந்தியர்கள் கப்பல் கப்பலாகப் போனபோது இவர் குடும்பம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "டிக்கெட்டுக்குக் காசு இருந்தவன் போனான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தமிழ் பேசும்போதே பர்மியம் நடுவில் வரும், நான் பேசினாலும் அப்படித்தான்.

அவரை அழைத்துக்கொண்டு போனேன். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பூத முகத்துக்கு நேரே போனதும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முகத்தை எல்லாரும் எடுக்கறான். ஏம்மா, நீ முகத்துக்குப் பின்னாடி பாரு."

பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தேன். பூதத்தின் பிடரிக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"யாரும் பாக்காத இடம். அங்கேயும் உளி போயிருக்கு பாரு. முன்னாலே மட்டும் செஞ்சிருந்தா வெயில்லே ஒரே பக்கமாக் காஞ்சு வெடிச்சிருக்கும். குடைஞ்சு விட்டதாலே ரெண்டு பக்கமும் சமமாக் காயுது."

இது எவ்வளவு தூரம் மர இயற்பியல், எவ்வளவு தூரம் அவருடைய மில் அனுபவம் என்று பிரிக்க நான் முயலவில்லை. பார்த்தால் சரியாகத்தான் பட்டது.

அப்புறம் தேக்கைப் பற்றி ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் காட்டில் மரத்தை உடனே வெட்டமாட்டார்கள். நிற்கும்போதே அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிடுவார்கள். தண்ணீர் ஏறாமல் இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயும். பச்சைத் தேக்கு ஆற்றில் மூழ்கும், இப்படிக் காய்ந்ததுதான் மிதக்கும். அதன்பிறகு வெட்டி, யானை இழுத்து, ஓடை வெள்ளத்தில் விட்டு, ஐராவதியில் தெப்பமாகக் கட்டி வரும். "உங்க ஊர்ப் பக்கம் செட்டியார் வீட்டுத் தூணெல்லாம் இப்படி வந்ததுதானே" என்றார். உங்கள் ஊர் என்கிறார். அவரும் நானும் பிறந்தது இங்கேதான். எங்கள் இருவருக்குமே காரைக்குடி படத்தில் பார்த்த ஊர்.

கடைசியில் ஒரு மாற்றுப் பலகைக்கு முன்னால் நின்றார். கட்டடத்தில் அங்கங்கே கெட்டுப்போன இடத்தில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். நிறத்தில் கண்டுபிடிக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை.

"இது புதுசு. இதை வெட்டினவன் பயந்துட்டான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆழம் போகலே பாரு. பலகை உடைஞ்சிடுமோன்னு மேலோட விட்டுட்டான். பழைய ஆள் பயப்படலே. அவனுக்குப் பலகை உடைஞ்சா இன்னொண்ணு இருக்கு, காடு இருந்துச்சு. இவனுக்குக் குடுத்தது ஒரே பலகை."

அதற்குப் பிறகு என் படங்களில் ஆழம்தான் விஷயமாயிற்று. ஒரே பலகையை நேரே ஒன்று, இடப்பக்கம் சாய்த்து ஒன்று, வலப்பக்கம் சாய்த்து ஒன்று, ஓரத்தில் சின்ன அளவுகோல் வைத்து ஒன்று. அடுத்த படம் முந்தைய படத்தின் பாதிக்குமேல் பகுதியைத் திரும்பக் காட்ட வேண்டும். அப்படி எடுத்தால்தான் பிற்பாடு கம்ப்யூட்டரில் சேர்த்து முப்பரிமாணமாக்க முடியும். மூட்டுகளை எடுக்கிறேன்: ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போகிற இடம், ஆணி அடித்த இடம், ஆணி அடிக்காமலே நிற்கும் இடம். பலகையின் கீழ்விளிம்பை எடுக்கிறேன், மழைநீர் தங்கி முதலில் உளுப்பது அங்கேதான். இவற்றை யாருக்காவது காட்டினால் நாலாவது படத்தில் கொட்டாவி விடுவார்கள். என் வீட்டிலேயே விட்டாயிற்று.

இப்படி அலுப்பாகப் படம் எடுப்பதில் எனக்கொரு முன்னோடி உண்டு. அவர் பர்மாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான ஆள் என்பதுதான் வேடிக்கை.

லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் படையில் அதிகாரி. 1855இல் ஆங்கிலேயத் தூதுக்குழு அமரபுராவுக்கு மிண்டோனைப் பார்க்கப் போனபோது, படம் எடுக்க இவரை உடன் அனுப்பினார்கள். மாண்டலே அப்போது பிறக்கவேயில்லை. கண்ணாடி இல்லை, ஃபிலிம் இல்லை. மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். மழைக்காலம் வேறு. அப்படியும் பர்மாவிலிருந்து 120 படங்களைத் தொகுப்பாகத் தந்தார். அடுத்து மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராகி மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். மேலே சொன்ன திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்திருக்கிறார். மெட்ராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு 1860களின் கடைசியில் பழுதுபார்க்க ஏற்பாடு செய்வதற்கு முன்னால் அது இடிந்து கிடந்த கோலம் அந்தப் படங்களில்தான் தெரிகிறது.

ட்ரைப்பின் மிக அலுப்பான படம் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்தது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீள்பட்டையாக்கினார். கோபுரம் தெரியாது, நந்தி தெரியாது. கல்லும் எழுத்தும்தான், ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு. விருந்தாளிக்குக் காட்ட முடியாத படம். எனக்கு அவர் எடுத்ததிலேயே பிடித்தது அதுதான்.

அதே ட்ரைப், வானம் வெறுமையாக வருகிறது என்று நெகட்டிவில் கையால் மேகம் வரைவார். மரத்துக்கு இலையும் சேர்ப்பார். அவருடைய பர்மா வானத்தைப் பார்த்து அன்று மேகமூட்டமா என்று தீர்மானிக்கக் கூடாது. கல்லைப் பொறுத்தவரை கை வைக்கவில்லை என்று நம்புகிறேன். நான் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் நெற்றிப் பருவை அழிப்பதோடு ஒப்பிட்டால் மேகம் பெரிய குற்றமில்லை.

இன்னொரு மெட்ராஸ் படை ஆள் இருக்கிறார், அவரை இப்படிச் சிரித்துக்கொண்டு தாண்ட முடியாது. வில்லபி ஹூப்பர். 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான ஆட்களை உட்காரவைத்து எடுத்த தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இவர் எடுத்தவை என்றே கொள்ளப்படுகின்றன. அதே ஆள் 1885இல் படையோடு மாண்டலேக்கு வந்தார். படையில் கட்டுப்பாடு காக்கும் அதிகாரி, கையில் கேமரா. தீபோ போன கையோடு அரண்மனையையும் அரண்மனையைப் பிடித்தவர்களையும் 100 படங்களாக வெளியிட்டார். கொள்ளைக்காரர் என்று சொல்லிப் பிடித்த பர்மியர்களைச் சுட்டுக்கொல்லும்போது, குண்டு படுகிற கணம் படத்தில் விழ வேண்டும் என்று சுடுவதைத் தாமதப்படுத்தினார் என்ற புகார் லண்டன் வரை போய், விசாரணை வைத்துக் கண்டித்தார்கள்.

அவர் எடுத்த அரண்மனைப் படங்கள் துல்லியமானவை. எரிந்துபோன கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு இந்த மாதிரிப் படங்களை விட்டால் நமக்குச் சாட்சி குறைவு. மாண்டலேயில் ஸ்டுடியோ போட்டு உட்கார்ந்த புகைப்படக்காரர் ஃபெலிச்சே பியாட்டோவின் படங்களும் அப்படித்தான். அவர் வந்தது படை வந்து ஊரை எடுத்துக்கொண்ட பிறகு. ஹூப்பரின் படங்களைத் திரையில் பெரிதாக்கித் தூணையும் கூரை விளிம்பையும் என் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். பயன்படுத்துகிறேன், மறைக்கவில்லை. ஆனால் அவர் படத்தில் முன்னால் நிறுத்தப்பட்ட ஆட்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கண் தானாகப் போகிறது. பஞ்சப் படத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே கேமராவைத்தான் பார்த்தார்கள்.

என் அலுப்பான படங்களால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால், ஓரளவு பதில் இருக்கிறது. ஷ்வேநன்டோவில் பழுதுபார்ப்பு வேலைகள் நடந்திருக்கின்றன. உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு 2010களில் இங்கே வேலை செய்தது. ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் ஏதோ ஒன்று கழற்றப்படுகிறது, ஏதோ ஒன்று சேர்கிறது. நல்ல வேலைக்காரர்கள் பதிவு வைப்பார்கள். அதைத் தவிர நாங்கள் நாலு பேர் எடுத்து வைத்த படமும் கிடந்தால் கெட்டா போகும்? பக்கத்திலேயே அதுமாஷி மடம் இருக்கிறது. மிண்டோன் கட்டியது, 1890இல் உள்ளிருந்த பெரிய புத்தரோடு எரிந்தது, 1990களில் திரும்பக் கட்டியது. பழைய அதுமாஷி எப்படி இருந்தது என்றால் படத்தைத்தான் புரட்டுகிறோம்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அரண்மனை மதில் பல இடங்களில் சரிந்தது. இன்னொரு பழைய தலைநகரான இன்வாவுக்குப் போகும் பழைய ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. இன்வாவில் மே நு அரசி கட்டிய செங்கல் மடம், 1839 நிலநடுக்கத்தில் அடிபட்டு 1873இல் செப்பனிட்டு நின்றது, இந்த முறை தாங்கவில்லை. மரமடத்தின் வடிவத்தைச் செங்கல்லிலும் சுதையிலும் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள்; அடுக்குக் கூரை, பூவேலை எல்லாம். அங்கே நான் சில படங்களே எடுத்திருந்தேன், பெரும்பாலும் வளைவுகளுக்கு நடுவே விழும் வெயில். இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது, முக்கால்வாசி அதே வளைவும் அதே வெயிலும், நடுவில் சிவப்பு அங்கி போர்த்த ஒரு சின்னப் பிக்கு. சுதைப் பூவேலையின் அளவு தெரிய ஒரு படம் வேண்டுமென்றால் விடிய விடியத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தத் தேடலில்தான் பெரியப்பா வீட்டு அலமாரியிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. அவருடைய அப்பாவும் இரண்டு கூட்டாளிகளும், கோட்டும் வேட்டியுமாக, யுத்தத்துக்கு முந்தைய மாண்டலேயில் நிற்கிறார்கள். பெரியப்பா முகங்களைக் காட்டி யார் யார் என்று சொன்னார். ஒருவர் 1942இல் அசாம் வழியாக நடந்துபோனவர், போய்ச் சேரவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர்கள் தோளுக்குப் பின்னால், சற்றே கலங்கலாக, ஒரு தேக்குக் கதவின் மேல்பகுதியும் கூரை விளிம்பும் இருந்தன. 1945இல் எரிந்த ஏதோ ஒரு கட்டடம். எதுவென்று இன்னும் பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஹூப்பர் படங்களிலும் பியாட்டோ படங்களிலும் அந்தக் கதவு இல்லை. துரைமார்களுக்குப் படம் எடுக்கத் தோன்றாத ஏதோ பக்கவாசலாக இருக்கலாம். மூன்று தமிழர்கள் அங்கே போய் நிற்க முடிந்திருக்கிறது என்பதே அப்படி நினைக்க ஒரு காரணம்.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேலை. பர்மாவிலிருந்து வந்த பெட்டி உங்கள் தாத்தா வீட்டில் இருக்கும். தேவகோட்டையில், ராமநாதபுரத்தில், வியாசர்பாடியில், எங்கே வேண்டுமானாலும். அதில் மாண்டலே என்று எழுதிய படம் இருந்தால், செல்போனில் முகத்தை மட்டும் வளைத்து எடுக்காதீர்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்கேனரில் குறைந்தது 600 டிபிஐ வைத்து, ஓரம் முழுவதும் விழும்படி எடுங்கள். கறை படிந்த ஓரத்தை வெட்டிவிட வேண்டாம், வானத்தைப் பளிச்சென்று ஆக்கவும் வேண்டாம். பின்பக்கத்தையும் தனியாக ஒரு ஸ்கேன்: ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால் அதை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கதவு எந்தக் கதவு என்பதை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.